சுவர் குயில்ட் தட்டையாகத் தொங்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஒட்டுத்துணி பிளாக்குகளைச் சேர்த்துத் தைத்த குயில்ட்டைக் கட்டிலில் விரித்தால் அரை இன்ச் கோணல் யார் கண்ணிலும் படாது. அதையே சுவரில் மாட்டினால் பக்கத்து ஜன்னல் சட்டமே காட்டிக் கொடுத்துவிடும். சுவரில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் இரண்டு மூன்று கட்டம் முன்னால், வெட்டும்போதோ இஸ்திரி போடும்போதோ நடந்ததாக இருக்கும். அதனால் முடிந்த வேலையில் தெரியும் அறிகுறிகள் இங்கே முதலில் வருகின்றன. அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம்.

குயில்ட் என்பது மேல்துணி, நடுவில் பேட்டிங் என்னும் பஞ்சு அடுக்கு, பின்துணி என மூன்று அடுக்கு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல்தான் குயில்டிங். அளவுகளுக்கு ஒரே மாதிரியை வைத்துக்கொள்வோம்: தைத்து முடித்தபின் 10 இன்ச் வரும் பிளாக்குகள் 9, மூன்றுக்கு மூன்றாக, சுற்றிலும் 3 இன்ச் பார்டர், மொத்தம் 36-க்கு 36 இன்ச். தையல் மார்ஜின், அதாவது தையலுக்கு வெளியே விடும் ஓரம், ஒவ்வொரு பக்கமும் கால் இன்ச். உங்கள் அளவு வேறென்றால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். சோதனைகள் மாறாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் குயில்ட்டை இறக்கித் தரையில் விரியுங்கள். தரையில் தட்டையாகக் கிடந்தால் கோளாறு மாட்டிய விதத்தில். தரையிலும் எழும்பி நின்றால் கோளாறு தையலில். அளக்கத் துணி டேப் வேண்டாம். பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும். இரும்பு டேப்போ நீள ஸ்கேலோ எடுங்கள்.

## தரையில் தட்டை, சுவரில் கோணல்

### மேல் ஓரம் நடுவில் தொய்கிறது

கம்பை மட்டும் கொக்கிகளில் வைத்துப் பாருங்கள். தனியாக நேராக இருந்து, குயில்ட் ஏறியதும் வளைந்தால் கம்புக்குப் பலம் போதவில்லை. செலவு குறைந்த வழி, நடுவில் மூன்றாவது கொக்கி. அதற்குக் கம்பு உறை (கம்பை நுழைக்கக் குயில்ட்டின் பின்பக்கம் தைக்கும் துணிக்குழாய்) நடுவில் திறந்திருக்க வேண்டும். 34 இன்ச் ஒரே உறையாகத் தைத்திருந்தால் பிரித்து, 16 இன்ச் நீளத்தில் இரண்டு உறைகளாக, நடுவில் 2 இன்ச் இடைவெளி விட்டுத் தையுங்கள். அதற்கு மேல் என்றால் கம்பை மாற்ற வேண்டும். உருண்டைக் கம்பைவிட 1½ இன்ச் அகலம், கால் இன்ச் தடிமன் உள்ள தட்டை ரீப்பரை அகலப்பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கும்படி நுழைத்தால் தொய்வும் குறையும், சுவரோடும் படியும்.

வார்னிஷ் அடிக்காத வெறும் மரத்தை அப்படியே நுழைக்காதீர்கள். மரத்திலிருக்கும் அமிலமும் பிசினும் நாளடைவில் துணியில் பழுப்புக் கறையாக இறங்கும். இரண்டு கோட் வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிட்டு நுழையுங்கள்.

### கம்பு இருக்கும் இடம் முன்பக்கம் மேடாகத் தெரிகிறது

உறையைப் பின்துணியோடு ஒட்டித் தட்டையாகத் தைத்துவிட்டதன் விளைவு. கம்புக்கு இடம் இல்லாததால் அது குயில்ட்டை முன்னே தள்ளுகிறது. உறையின் கீழ்த்தையலைப் பிரியுங்கள். சுவர்ப்பக்கம் இருக்கும் மடிப்பில் அரை இன்ச் தளர்வு விட்டு, குயில்ட்டோடு ஒட்டும் மடிப்பை மட்டும் தட்டையாக வைத்துக் கையால் எம்மிங் போடுங்கள். ஊசி பின்துணியையும் பேட்டிங்கையும் மட்டும் பிடிக்க வேண்டும். முன்பக்கம் ஒரு புள்ளிகூடத் தெரியக் கூடாது.

புதிதாகத் தைப்பவர்களுக்கு அளவு: 9 இன்ச் அகலம், 36 இன்ச் நீளத் துண்டு. இரண்டு முனைகளையும் அரை இன்ச் அரை இன்சாக இருமுறை மடித்துத் தைத்தால் 34 இன்ச் வரும். நீளவாக்கில் இரண்டாக மடித்து, பிசிறு ஓரத்தை ஓரப்பட்டியின் (குயில்ட்டின் விளிம்பைச் சுற்றி மூடும் துணிப்பட்டி) தையலுக்குள் கொடுத்துவிடலாம். 24 இன்ச்சுக்குக் குறைந்த சிறிய குயில்ட்டுக்கு உறையே வேண்டாம். 4 இன்ச் சதுரம் இரண்டை முக்கோணமாக மடித்து மேல் மூலைகளில் பின்பக்கம் வைத்து ஓரப்பட்டியோடு தைத்தால் போதும். அந்தப் பைகளுக்குள் கம்பின் இரு முனைகளும் உட்காரும். நடுவில் ஓர் ஆணி தாங்கும்.

### ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

முதலில் ரசமட்டத்தைக் கம்பின் மேல் வையுங்கள். கம்பு மட்டமாக இருந்தால், மேல் ஓரத்திலிருந்து உறை வரை இடது முனையிலும் வலது முனையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் உறையைப் பிரித்து நேராக்குவது அரை மணி நேர வேலை. இரண்டும் சரியென்றால் குயில்ட்டே சதுரமில்லை. மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். 36 இன்ச் சதுரத்துக்கு இரண்டு அளவும் 50⅞ இன்ச்சை ஒட்டி வர வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை இன்ச் வரை வித்தியாசம் என்றால் கீழே சொல்லும் நனைத்து நேராக்கும் முறை போதும். அதற்கு மேல் என்றால் ஓரப்பட்டியைப் பிரித்து மறுபடி சதுரமாக வெட்ட வேண்டியிருக்கும்.

### கீழ்ப்பாதி சுவரை விட்டு விலகுகிறது

கீழ் ஓரத்திலும் 2 இன்ச் அகலத்தில் ஒரு சின்ன உறை தைத்து மெல்லிய ரீப்பர் நுழையுங்கள். வேறெதுவும் தேவைப்படாது.

## தரையிலும் எழும்பி நிற்கிறது

மூன்று இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: இடது ஓரம், நடு, வலது ஓரம். பிறகு அதே மாதிரி மேல், நடு, கீழ். இந்த ஆறு எண்களும் கையில் இல்லாமல் எதையும் பிரிக்க உட்காராதீர்கள்.

### ஓரங்கள் அலை அலையாக நிற்கின்றன

ஓரம் நடுவைவிட நீளம். நடுவில் 36, ஓரத்தில் 36½ அல்லது அதற்கு மேல் வந்தால் குற்றவாளி பார்டர். நீளமான துண்டை எடுத்து ஓரத்தோடு வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதைக் கடைசியில் வெட்டும் பழக்கத்தில்தான் இது வரும். மெஷினின் அடிப்பல் கீழ்த்துணியை வேகமாக இழுக்கும். மேலே உள்ளது தங்கி நீளும். சரியான முறை, பார்டர் போடுவதற்கு முன் நடுப்பகுதியை மூன்று இடங்களில் அளப்பது. 30⅜, 30½, 30⅝ என்று வந்தால் சராசரி 30½. பக்கவாட்டு பார்டர் இரண்டும் துல்லியமாக 30½ நீளம், 3½ அகலம். நடுவையும் இரு முனைகளையும் முதலில் பின் குத்தி, இடைப்பட்டதைச் சமமாகப் பங்கிட்டுத் தையுங்கள். அதன்பிறகு மேல் கீழ் பார்டர்கள் 36½.

குயில்டிங் போடும் முன் அலையைக் கண்டால் பார்டரைப் பிரித்துவிடுங்கள். வேறு வழி தேடுவது நேர விரயம். குயில்டிங்கில் அடங்கிவிடும் என்று நம்பி மேலே போனால் அலை மடிப்பாக மாறி நிற்கும்.

ஓரமும் நடுவும் ஒரே நீளம், ஆனாலும் அலை. கையை விரித்துத் தடவிப் பாருங்கள். நடுவில் தையல் நெருக்கமாக, பார்டரில் தையலே இல்லாமல் இருக்கும். நெருக்கமான தையல் துணியைச் சுருக்கும். தையல் இல்லாத இடம் பழைய அளவிலேயே நிற்கும். அளவில் பெரிதாகத் தெரியாத வித்தியாசம்கூட அலையாக வெளிப்படும். பார்டரில் ஓரத்துக்கு இணையாக ஓர் இன்ச் இடைவெளியில் இரண்டு வரி தைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஓரப்பட்டி ஏற்கெனவே போட்டிருந்தாலும் தைக்கலாம். நூல் முனைகளை மட்டும் பேட்டிங்குக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள்.

### நடுவில் தொப்பை

மேலே சொன்னதன் தலைகீழ்: ஓரத்தில் தையல் நெருக்கம், நடுவில் வெற்றிடம். பேட்டிங் பாக்கெட்டின் மேல் அதிகபட்சம் எத்தனை இன்ச் இடைவெளியில் தைக்கலாம் என்று போட்டிருக்கும். அது பேட்டிங் கட்டி கட்டியாகப் பிரியாமல் இருப்பதற்கான எல்லை; சுவரில் தட்டையாக நிற்க அந்த எண்ணை நம்பாதீர்கள். 3 இன்ச்சுக்கு மேல் வெற்றிடம் விடாதிருப்பது நல்லது. பிளாக்குகளின் தையல் பள்ளத்திலேயே ஒரு வரி ஓட்டினால் முன்பக்கம் தெரியாது.

பேட்டிங்கின் உப்பலையும் பாருங்கள். பொம்மென்று இருக்கும் பாலியஸ்டர் போர்வைக்கு நல்லது, சுவருக்கு ஆகாது. மெல்லிய காட்டன், அல்லது 80 பங்கு காட்டனும் 20 பங்கு பாலியஸ்டரும் கலந்தது தட்டையாக நிற்கும். முடிந்த வேலையில் பேட்டிங்கை மாற்ற முடியாது, தையலைக் கூட்டத்தான் முடியும்.

### மூலைகள் சுருள்கின்றன

எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதே விடை. சுருளின் உள்பக்கம் இருக்கும் துணி குட்டையாகிவிட்டது என்று அர்த்தம்.

சுவரை நோக்கிப் பின்பக்கம் சுருண்டால் பின்துணி குட்டை. மூன்று அடுக்கையும் சேர்க்கும்போது பின்துணியை இழுத்துப் பசை டேப்பால் விறைப்பாக ஒட்டியிருப்பீர்கள். டேப்பை எடுத்ததும் அது பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்தால் போதும், மேளம் மாதிரி விறைக்கத் தேவையில்லை. நனைத்து நேராக்கினால் ஓரளவு சரியாகும்.

முன்பக்கம் சுருண்டால் ஓரப்பட்டியை இழுத்துத் தைத்திருக்கிறீர்கள். மூலைக்கு இருபுறமும் 4 இன்ச் பிரித்துப் பாருங்கள். பிரித்ததும் மூலை தானாகப் படிந்தால் காரணம் உறுதி. முழுப் பட்டியையும் பிரித்து, இழுக்காமல் வைத்துத் தையுங்கள்.

### நனைத்து நேராக்கும் முறை

மேலே பல இடங்களில் வந்த மருந்து இது. ஆனால் சாயம் போகாது என்று தெரிந்த துணிக்கு மட்டும். ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு அடர் நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் நிறுத்துங்கள். நீரில் அழியும் பேனாக் கோடு இருந்தால் அது முழுக்கப் போனபின்தான் இஸ்திரி, ஆவி எல்லாம்.

குளிர்ந்த நீரில் நனைத்து, முறுக்காமல் டவலில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். கம்பளத்தின் மேல் சுத்தமான விரிப்பு, அதன் மேல் குயில்ட். நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தட்டித் தள்ளி, நான்கு பக்கமும் 36, குறுக்காக இரண்டும் 50⅞ வரும்வரை சரிசெய்து, 2 இன்ச்சுக்கு ஒரு துருப்பிடிக்காத பின் குத்துங்கள். ஃபேன் போட்டு முழுக்கக் காயவிடுங்கள். ஒரு நாள் முழுக்க ஆகலாம். பேட்டிங்கில் ஈரம் இருக்கும்போதே பின்னை எடுத்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். ஓரம் வெட்டிப் பட்டி போடுவதற்கு முன்பே இதைச் செய்வது இன்னும் நல்லது.

நிறுத்த வேண்டிய இடம்: ஓரத்துக்கும் நடுவுக்கும் ஓர் இன்ச்சுக்கு மேல் வித்தியாசம், பார்டரிலும் நெருக்கமான குயில்டிங் என்றால் பிரித்துத் தைப்பதில் துணிதான் நைந்துபோகும். லாங் ஆர்ம் மெஷினில் (நீளக் கை உள்ள பெரிய குயில்டிங் மெஷின்) குயில்டிங் போடுபவரிடம் காட்டி, கூடுதல் தையலில் அடக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பார்டரை வெட்டி எறிந்துவிட்டு 30 இன்ச் குயில்ட்டாகப் பட்டி போடுவது கௌரவமான முடிவே. வெட்டும் கோட்டுக்கு உள்ளே முதலில் ஒரு சுற்று தைத்துக்கொண்டால் அறுந்த குயில்டிங் நூல் பிரிந்து வராது.

## பின்துணியில் சுருக்கமும் மடிப்பும்

ஒரு மடிப்பு என்றால் விபத்து. வரிசையாக வந்தால் அடுக்கிய விதத்தில் பிழை.

ஒரே மடிப்புக்கு: மடிப்பின் மேல் ஓடும் தையலில் 3 இன்ச் மட்டும் பிரித்து, துணியை இரு பக்கமும் நீவிப் பங்கிட்டு மறுபடி தையுங்கள். பிரிக்கும்போது சீம் ரிப்பரால் நான்கு தையலுக்கு ஒன்றை வெட்டிவிட்டு மறுபக்கத்து நூலை இழுத்தால் துணி கிழியாது.

வரிசையாக வந்தால் இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. பின் எண்ணிக்கை. 3 முதல் 4 இன்ச்சுக்கு ஒரு சேஃப்டி பின் வேண்டும். 36 இன்ச் சதுரத்துக்கு 80 முதல் 140 பின் வரை பிடிக்கும். முப்பதில் முடித்திருந்தால் காரணம் தெரிந்துவிட்டது.
2. பின்துணியின் அளவு. நான்கு பக்கமும் 2 இன்ச்சாவது கூடுதல் இருக்க வேண்டும். லாங் ஆர்ம் காரரிடம் கொடுப்பதாக இருந்தால் அவர் பெரும்பாலும் 4 இன்ச் கேட்பார். அதாவது 44 இன்ச். கேட்காமல் வெட்டிவிடாதீர்கள்.
3. தைத்த வரிசை. முதலில் நடுவில் நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று. பிறகு நடுவிலிருந்து வெளியே. சுற்றி ஓரத்தை முதலில் தைத்துவிட்டால் நடுவில் மிஞ்சும் துணிக்குப் போக இடமில்லை.
4. ஃபுட் (துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதம்) அழுத்தம். அழுத்தம் கூடினால் ஃபுட்டுக்கு முன்னால் மேல்துணி அலையாகத் திரளும். அழுத்தத் திருகு இருந்தால் தளர்த்துங்கள். சரியாகவில்லையென்றால் வாக்கிங் ஃபுட் வாங்குவதுதான் வழி; அது மேல்துணியையும் பல்லால் பிடித்துக் கீழ்த்துணியோடு சேர்த்து நகர்த்தும். நேர்க்கோட்டுக் குயில்டிங்குக்கு இந்தச் செலவு வீணாகாது.

அடுத்த குயில்ட்டுக்குப் பூப்போட்ட பின்துணி வாங்குங்கள். சின்னச் சுருக்கமெல்லாம் அதில் மறையும்.

## மெஷின் மக்கர் செய்கிறது

### அடியில் நூல் கொத்தாகத் திரள்கிறது

அடியில் சிக்குவதால் அடிநூல் சுற்றிய பாபினைச் சந்தேகிப்போம். தப்பு பெரும்பாலும் மேல்நூலில். நூல் கோர்க்கும்போது ஃபுட் கீழே இருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அதற்குள் இறங்காமல் மேலோடு போய்விடும். ஃபுட்டைத் தூக்கி, நூலை முழுக்க உருவி, மறுபடி கோத்துவிடுங்கள். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் திரண்டால் பாபின் கேஸைக் கழற்றிப் பஞ்சுத் தூசியைத் துலக்குங்கள். குயில்டிங்கில் சேரும் தூசி சாதாரணத் தையலைவிடப் பல மடங்கு. ஊதாதீர்கள், உள்ளே போய் ஒட்டும்.

### மேல்புறம் பாபின் நூல் புள்ளியாகத் தெரிகிறது

மேல் டென்ஷன் அதிகம். டயலை அரைப் புள்ளி குறைத்து, அதே மூன்று அடுக்கில் ஒரு வெட்டுத்துண்டில் தைத்துப் பாருங்கள். ஒற்றைத் துணியில் சோதித்தால் பயனில்லை. குறைத்தும் மாறாவிட்டால் பாபின் கேஸ் ஸ்பிரிங்கின் அடியில் தூசி மாட்டியிருக்கலாம். தடித்த தாளின் மூலையால் வழித்தெடுங்கள். எதுவும் பலிக்காதபோது மேலும் கீழும் ஒரே நிற நூல் போடுவது தந்திரம்தான், ஆனால் வேலை முடியும்.

### தையல் விட்டு விட்டு விழுகிறது

- ஊசி. புதிதாக மாற்றுங்கள். 8 மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று வைத்துக்கொள்வது நல்லது. பிளாக் சேர்க்க 80/12, மூன்று அடுக்குக்கு 90/14. வீட்டு மெஷினில் பொதுவாக ஊசியின் தட்டைப்பக்கம் பின்னால் இருக்க வேண்டும்.
- பசை. ஸ்ப்ரே பசையோ இஸ்திரி போட்டால் ஒட்டும் பேட்டிங்கோ பயன்படுத்தினால் ஊசியில் பிசுபிசுப்பு ஏறும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள்.
- கை வேகம். துணியைக் கையால் நகர்த்திப் போடும் குயில்டிங்கில் வளைவில் மட்டும் தையல் நீண்டு, அடியில் கண் இமை மாதிரி நூல் நீட்டிக்கொண்டிருந்தால் கை மோட்டாரை முந்துகிறது. வளைவில் கையை நிதானமாக்குங்கள், பெடலை விடாதீர்கள்.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடம்: ஊசி எதிலோ இடித்து உடைந்து, அதற்குப் பிறகு புது ஊசி போட்டும் தையலே விழவில்லை. கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி கீழே போய் மேலே திரும்பத் தொடங்கும்போது ஷட்டிலின் கூர்முனை ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே நூல் வளையத்தைப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் கடந்து போனால் டைமிங் விலகிவிட்டது. அதற்கு முன் ஊசித் தகட்டின் துளையை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் நூல் அறுவதற்கு அதுவே காரணமாகலாம், அந்தத் தகடு மட்டும் மாற்றினால் போதும். டைமிங்கை நீங்களே திருகப் போனால் பழுது பெரிதாகும்.

## பிளாக்குகள் ஒரே அளவில் இல்லை

ஒன்றோடொன்று சேர்க்கும் முன், மார்ஜினோடு சேர்த்து ஒவ்வொரு பிளாக்கும் 10½ இன்ச் வர வேண்டும். ஒன்பதையும் அளந்து அளவை மூலையில் சீட்டாகக் குத்துங்கள்.

### எல்லாமே ஒரே அளவு குட்டை

தையல் மார்ஜின் கூடிவிட்டது. 3 இன்ச் துண்டுகள் நான்கு சேர்ந்த ஒரு வரிசையில் மூன்று தையல். ஒவ்வொன்றிலும் மார்ஜின் 1/16 இன்ச் கூடினால் இரு பக்கமும் சேர்த்து ⅛ போகும்; மூன்று தையலுக்கு ⅜. பிளாக் 10⅛-க்கு வந்து நிற்கும். கண்ணால் பார்த்தால் அந்த 1/16 தெரியவே தெரியாது.

சோதனை: 1½ இன்ச் அகலத் துண்டுகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுத்துண்டு சரியாக 1 இன்ச், மொத்தம் 3½ இன்ச் வர வேண்டும். குறைந்தால் ஊசியை மார்ஜின் பக்கமாக ஒரு புள்ளி நகர்த்துங்கள், அல்லது தகட்டில் ஒட்டிய வழிகாட்டி டேப்பை ஊசியை நோக்கி நகர்த்துங்கள். துணி மடங்கும் இடத்தில் ஓரிரு இழை அகலம் போய்விடுவதால் கால் இன்ச்சுக்கு ஒரு மயிரிழை குறைவாகத்தான் தைக்க வேண்டும்.

ஏற்கெனவே தைத்ததை என்ன செய்வது? ஒன்பதும் ஒரே மாதிரி 10⅛ என்றால் எதையும் பிரிக்காதீர்கள். பார்டரை அதற்கேற்ப வெட்டுங்கள். பார்ப்பவர் யாரும் ஸ்கேல் கொண்டுவரப் போவதில்லை.

### சில பெரிது, சில சிறிது

வித்தியாசம் ⅛ இன்ச்சுக்குள் இருந்தால் பெரிய பிளாக்கை அடியில், அடிப்பல்லின் பக்கம் வைத்து, இரு முனையும் நடுவும் பின் குத்தித் தையுங்கள். பல் மிச்சத்தை உள்வாங்கிவிடும். கால் இன்ச்சைத் தாண்டினால் சிறிய பிளாக்கைப் பிரித்துத் தைப்பது ஒன்றே வழி. எல்லாவற்றையும் சிறியதன் அளவுக்கு வெட்டலாம் என்று தோன்றும். ஓரத்தில் கூர்முனை உள்ள வடிவமென்றால் முனையெல்லாம் போய்விடும்.

காரணம் வெட்டியதில். துணியை நான்காக மடித்து வெட்டும்போது மடிப்பு ஓரத்துக்கு ஸ்கேல் செங்குத்தாக இல்லாவிட்டால் பட்டையை விரித்ததும் நடுவில் முறிந்த கோணமாக நிற்கும். ரோட்டரி கட்டரின் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) பிளேடு மழுங்கினால் அழுத்த வேண்டிவரும், அழுத்தினால் ஸ்கேல் நழுவும். பாதி துண்டை ஒரு ஸ்கேலிலும் மீதியை அடியில் விரிக்கும் கட்டிங் மேட்டில் அச்சிட்ட கோட்டை வைத்தும் வெட்டுவதும் வம்பு. தொடங்கிய ஸ்கேலிலேயே முடியுங்கள்.

### அளவு சரி, ஆனால் சாய்சதுரமாக நிற்கிறது

இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்ததன் பலன். பெட்டியை வைத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இஸ்திரி மேசை விரிப்பில் 10½ இன்ச் சதுரம் வரைந்து, பிளாக்கில் லேசாக நீர் தெளித்து அந்தச் சதுரத்துக்கு இழுத்துப் பின் குத்தி, சூடாக்கி, ஆறவிட்டு எடுங்கள்.

## முனை மழுங்குகிறது, சந்திப்பு பொருந்தவில்லை

சந்திப்பு விலகினால் இரு வரிசைகளின் தையல் மடிப்பும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் வரிசையை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் உருட்டினாலே அந்தப் பூட்டு தெரியும். மேல் வரிசையின் மடிப்பு ஊசியை நோக்கி இருக்கும்படி வைத்துத் தையுங்கள். ஃபுட் அதைத் தள்ளி இறுக்கும்.

முக்கோண முனை வெட்டுப்பட்டால், தைக்கும்போது முக்கோணம் உள்ள துண்டு மேலே தெரியட்டும். பின்பக்கம் இரண்டு தையல்கள் பெருக்கல் குறியாகச் சந்திக்கும். உங்கள் தையல் அந்தப் புள்ளிக்கு ஓரிரு இழை வெளியே, மார்ஜின் பக்கமாக ஓடினால் முனை கூர்மையாக நிற்கும்.

முக்கோணங்கள் மட்டும் நெளிந்தால் அது கிராஸில், அதாவது நெசவு இழைக்குச் சாய்வாக, வெட்டிய ஓரம் நீண்டது. வெட்டும் முன்பே துணிக்குக் கஞ்சி போடுங்கள். சதுரங்களை ஜோடியாக வைத்து, மூலைக்கு மூலை கோட்டின் இருபுறமும் தைத்தபின் வெட்டினால் கிராஸ் ஓரத்தைத் தனியாகத் தொடவே வேண்டாம். சதுரத்தின் அளவு, முடிந்தபின் வேண்டிய அளவோடு ⅞ இன்ச். ஒரு இன்ச் கூட்டி வெட்டிப் பிறகு செதுக்குவது இன்னும் பத்திரம்.

பிரிப்பதென்றால் சந்திப்பின் இருபுறமும் ஓர் இன்ச் மட்டும் போதும். முழுத் தையலையும் பிரித்தால் சரியாக இருந்த மற்ற சந்திப்புகளும் கெடும்.

## ஓரப்பட்டி மூலை மொண்ணையாக இருக்கிறது

மூலைக்குக் கால் இன்ச் முன்பே தையலை நிறுத்தவில்லை என்பதே வழக்கமான காரணம். நிறுத்தி, நூலை வெட்டி, பட்டியை 45 டிகிரியில் மேலே மடித்து, மறுபடி நேர் கீழே மடித்து, ஓரத்திலிருந்தே அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். மடிப்பு சரியாக இருந்தும் மூலை மெலிந்து தெரிந்தால் பட்டிக்குள் பேட்டிங் நிறையவில்லை. குயில்ட்டின் மூலையைச் செதுக்கியிருப்பீர்கள். துளி பேட்டிங்கைத் திணித்துத் தைத்துவிடுங்கள்.

பட்டியின் அகலம் 2½ இன்ச், இரண்டாக மடித்தது. நீளம் சுற்றளவு 144-உடன் 10 சேர்த்து 154. 42 இன்ச் துண்டுகள் நான்கைக் குறுக்காக இணைத்தால் 160 வரும், போதும்.

## சாயம், கோடு, வெள்ளைப் பஞ்சு

சாயம் பக்கத்துத் துண்டில் இறங்கிவிட்டது. காயவிடாதீர்கள், இஸ்திரி வேண்டவே வேண்டாம். முழுக்கக் காட்டன் என்றால் 60 டிகிரி சூடான நீரில், குயில்ட் தாராளமாக மிதக்கும் அளவுக்கு நீர் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து 12 மணி நேரம் முழுக வையுங்கள். நீரில் நிறம் தெரிந்தால் மாற்றி மறுபடி. நீர் தெளிவாக நிற்கும்வரை தொடருங்கள். பட்டோ கம்பளியோ கையால் வரைந்த துணியோ கலந்திருந்தால் இதைச் செய்யக் கூடாது.

பேனாக் கோடு போகவில்லை. நீரில் அழியும் நீலப் பேனா என்றால் சோப்பில்லாத குளிர்ந்த நீர் மட்டும்; சூடு பட்டால் கோடு நிரந்தரமாகிவிடும். சூட்டில் மறையும் பேனாவில் எதிர் ஆபத்து: கடும் குளிரில், உறைநிலைக்கும் கீழே, மறைந்த கோடு திரும்ப வரும். பார்சலில் குளிர் நாட்டுக்கு அனுப்பும் குயில்ட்டுக்குச் சாக்பீஸே மேல்.

அடர் நிறத்தின் மேல் வெள்ளை முடி. பேட்டிங் இழைகள் துணி வழியே வெளியேறுகின்றன. பிடுங்கினால் அதோடு இன்னும் நாலு இழை சேர்ந்து வரும், மட்டத்தோடு கத்தரியுங்கள். ஊசி தடிமனாக இருந்தாலும் துணி நெசவு தளர்வாக இருந்தாலும் அதிகமாகும். கறுப்பு மேலோங்கிய வேலைக்குக் கறுப்பு பேட்டிங்கே வாங்கலாம்.

வெளிர் துண்டுக்குள் இருண்ட நிழல். அடர் துணியின் மார்ஜின் வெளிர்ப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மூன்று அடுக்கும் சேரும் முன் என்றால் அந்த மார்ஜினை 1/16 இன்ச் குட்டையாக வெட்டிவிடலாம். சேர்ந்தபின் விட்டுவிடுங்கள்.

பழைய குடும்ப குயில்ட்டாக இருந்து, துணி தொட்டால் உதிர்கிறதென்றால் மேலே சொன்ன எதையும் முயலாதீர்கள். நனைப்பதும் ஆவி காட்டுவதும் கூடாது. சுவரிலிருந்து இறக்கி, அமிலமில்லாத தாளை இடையில் வைத்து உருளையில் தளர்வாகச் சுற்றி, பழந்துணிப் பாதுகாப்பு நிபுணரிடம் கொண்டுபோங்கள்.